உபயம் வேண்டாம், கணக்கு வேண்டும்

நடு ரோட்டில் போலீஸ் நிறுத்தி வைக்கும் இரும்புத் தடுப்பைப் பார்த்திருப்பீர்கள். ‘மெதுவாகச் செல்லவும்’ என்பது சின்ன எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே நகைக்கடை பெயரோ, ஜவுளிக்கடை பெயரோ, ஆஸ்பத்திரி பெயரோ பெரிய எழுத்தில் இருக்கும். கோயில் ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி எழுதி, வெளிச்சம் வெளியே வர வழியில்லாமல் செய்வார்களே, அந்தக் கதைதான். தமிழ்நாட்டில் எந்த ஊர் ரோட்டிலும் பல வருஷமாக நாம் பார்த்துப் பழகிய காட்சி இது. பழகிவிட்டதால் ஒரு கேள்வியைக் கேட்காமலே விட்டுவிட்டோம்.

போலீஸுக்கு எதற்கு உபயதாரர்?

தடுப்போடு போனால் பரவாயில்லை. தெருமுனை கேமரா, ட்ராஃபிக் போலீஸ்காரர் நிற்கும் நிழற்குடை, ஸ்டேஷன் வாசலில் வரவேற்பு அறை என்று பட்டியல் நீளுகிறது. சென்னையில் 2017-க்குப் பிறகு ‘மூன்றாவது கண்’ என்று பெயர் வைத்து ஊர் முழுக்க கேமரா மாட்டினார்கள். அதில் பெரும்பகுதி வியாபாரிகளும் குடியிருப்போர் சங்கங்களும் போட்ட காசு. திருப்பூரிலும் அதே வழிதான். பனியன் கம்பெனிக்காரர் கொஞ்சம், கடைக்காரர் கொஞ்சம், காலனிக்காரர்கள் கொஞ்சம். திறப்பு விழாவில் அதிகாரி ரிப்பன் வெட்டுவார், மறுநாள் பேப்பரில் போட்டோ வரும்.

கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஊருக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் கொடுக்கிறார்கள். ஆனால் பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே பணம் கை மாறினாலும், ‘இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?’ என்று கேட்கத் தோன்றும். இந்தக் கேமராப் பணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? வரி என்றால் ரசீது வேண்டும். கட்டணம் என்றால் சேவை வேண்டும். நன்கொடை என்றால்? கொடுத்தவருக்குப் பெயர் கிடைக்கும். வாங்கியவருக்கு நன்றிக்கடன் வரும். ஊருக்குக் கணக்கு கிடைக்காது.

திருப்பூர்க்காரர் காவலுக்கு எத்தனை வழியில் பணம் கொடுக்கிறார் என்று பாருங்கள்.

முதல் வழி, மாநில அரசுக்குப் போகும் வரி. நம் அரசியல் சட்டப்படி போலீஸ் மாநிலத்தின் பொறுப்பு. தமிழ்நாடு அரசு காவல்துறைக்கு ஒதுக்கும் தொகை 2022-23-லேயே பத்தாயிரம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. சோப்பு வாங்கினாலும் டீசல் போட்டாலும் அதில் உங்கள் பங்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பத்தாயிரம் கோடியில் 15 வேலம்பாளையம் ஸ்டேஷனுக்கு எவ்வளவு, நல்லூர் ஸ்டேஷனுக்கு எவ்வளவு, அங்கே எத்தனை பேர் இருக்க வேண்டும், இருப்பது எத்தனை பேர் என்று உங்கள் வீட்டுக்கு யாரும் சீட்டு அனுப்புவதில்லை.

இரண்டாவது, இந்த உபயம்.

மூன்றாவது, சொந்தக் காவல். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி, அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன், வீட்டு வாசலில் கேமரா. பொதுமக்கள் கூடும் கட்டடங்களில் உரிமையாளர்களே கேமரா பொருத்த வேண்டும் என்று 2012-லேயே நகர்ப்புறங்களுக்கு விதி போட்டாயிற்று. தன் கையே தனக்குதவி!

ஆக, மூன்று பாக்கெட்டிலிருந்து காசு போகிறது. முதல் வழியில் கேள்வி கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை. இரண்டாவது வழியில் கொடுத்தவர் மட்டும் போன் போட்டுப் பேசலாம். மூன்றாவது வழியில் அவரவர் காம்பவுண்டுச் சுவரோடு காவல் முடிந்துவிடுகிறது. ஊராகச் சேர்ந்து ஒரு தொகை கொடுத்து, ‘இதற்கு என்ன செய்தீர்கள்?’ என்று ஊராகச் சேர்ந்து கேட்கிற நாலாவது வழி நம்மிடம் இல்லை.

மற்ற ஊரில் இப்படி இருந்தால்கூட ஆச்சரியமில்லை. திருப்பூரில் இப்படி இருப்பதுதான் வேடிக்கை. ஏனென்றால் இது பணம் போட்டால் கணக்குக் கேட்கிற ஊர். தண்ணீர் இல்லையா? 1995-ல் அதற்கென்றே ஒரு கம்பெனி ஆரம்பித்து, அரசும் ஏற்றுமதியாளர்களும் நிதி நிறுவனமும் சேர்ந்து பவானித் தண்ணீரைக் குழாயில் கொண்டு வந்தார்கள். சாயத் தண்ணீர் பிரச்னையில் 2011 ஜனவரியில் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஆடிப்போனது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் தன் பட்டறைக்கு எத்தனை லிட்டர், அதற்கு எவ்வளவு பணம் என்று ஒவ்வொரு சாயப்பட்டறைக்காரருக்கும் மனப்பாடம். ஒரு பீஸுக்கு நூல் எவ்வளவு, தையல் எவ்வளவு, செக்கிங் எவ்வளவு என்று பைசா பைசாவாகப் பிரிக்கத் தெரிந்த ஊர். வருஷத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்கிற அளவுக்கு வளர்ந்த ஊர். அதற்குத் தன் காவலின் அடக்க விலை தெரியாது!

இதற்கு வேறு வழி உண்டா? இங்கிலாந்தில் இருக்கிறது. நம்மூர் சொத்து வரி மாதிரி அங்கே வீட்டுக்கு வீடு ‘கவுன்சில் டாக்ஸ்’ கட்ட வேண்டும். அந்த பில்லில் போலீஸுக்கென்று தனியாக ஒரு வரி எழுதியிருக்கும். இந்த வருஷம் இவ்வளவு, போன வருஷத்தைவிட இத்தனை சதவீதம் கூடுதல் என்று. மீதியை மத்திய அரசு தருகிறது. மொத்தத்தில் பார்த்தால் போலீஸ் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உள்ளூர்க்காரர்களின் இந்த வரிதான். இதை உயர்த்துவதற்கு முன்னால், ‘மாசத்துக்கு இத்தனை பவுண்டு கூடுதலாகக் கொடுக்கச் சம்மதமா?’ என்று ஜனங்களிடம் கருத்துக் கேட்பார்கள். லண்டன் போன்ற சில இடங்கள் தவிர மற்ற பகுதிகளில், இந்த வரியை நிர்ணயிக்கவும் போலீஸ் தலைவரைக் கேள்வி கேட்கவும் 2012 முதல் ஓட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அரசு வைத்த வரம்புக்கு மேல் வரியை ஏற்ற வேண்டுமானால் ஜனங்களிடம் நேரடியாக வாக்கெடுப்பு.

அப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்த இடம் பெட்ஃபோர்ட்ஷயர். 2015 மே மாதம் பொதுத் தேர்தலோடு சேர்த்தே நடத்தினார்கள். போலீஸ் வரியை 15.8 சதவீதம் ஏற்றினால் நூறு போலீஸ்காரர்களைக் கூடுதலாக வைக்கலாம், சம்மதமா? பத்தில் ஏழு பேர் முடியாது என்றுவிட்டார்கள்! அவ்வளவுதான், வரி இறங்கிவிட்டது.

தோற்றுப்போன வாக்கெடுப்பை ஏன் சொல்கிறேன் தெரியுமா? கேட்டவர் தோற்றார். ஆனால் அந்த ஊரில் ஓட்டுப் போட்ட ஒவ்வொருவருக்கும் நூறு போலீஸ்காரர் என்றால் தன் பாக்கெட்டிலிருந்து எவ்வளவு என்று தெரிந்திருந்தது. வேண்டும் என்றவரும் வேண்டாம் என்றவரும் ஒரே கணக்கை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். நமக்குச் சண்டை போடக்கூட கணக்கு இல்லையே!

அப்படியானால் ‘போலீஸ் வரி’ ஒன்று திருப்பூரிலும் போட்டுவிடலாமா? அவசரப்படாதீர்கள். அந்தப் பக்கத்துப் பள்ளங்களையும் பார்த்துவிட்டு வரலாம்.

2012 நவம்பரில் அந்த முதல் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய பதினைந்து பேர்தான். வேல்ஸில் நியூபோர்ட் ஊரில் ஒரு வாக்குச்சாவடிக்கு நாள் முழுக்க ஒரே ஒரு ஆள்கூட வரவில்லை. கடைசியில் 2025 நவம்பரில் பிரிட்டிஷ் அரசே, இந்தப் பதவியை 2028-ல் ஒழித்துவிடப் போவதாக அறிவித்துவிட்டது. ஜனங்களிடம் கேட்கிறேன் என்று நாற்காலி போட்டால் மட்டும் ஜனங்கள் வந்து உட்கார்ந்துவிட மாட்டார்கள்.

அடுத்தது இதைவிடப் பெரிய பள்ளம். பணக்காரப் பகுதியான சர்ரேயில் போலீஸ் செலவில் பாதிக்கு மேல் உள்ளூர் வரியிலேயே வந்துவிடும். வடக்கே நார்தம்ப்ரியாவில் ஐந்தில் ஒரு பங்கு வருவதே பாடு. வீட்டு விலை குறைந்த இடத்தில் வரியும் குறைவு. ஆனால் திருடன் வீட்டு விலை பார்த்தா வருகிறான்?

இதை அப்படியே நம் ஜில்லாவில் வைத்துப் பாருங்கள். திருப்பூர் மாநகரத்துக்கு 2014-ல் கமிஷனர் வந்துவிட்டார். கொஞ்சம் தள்ளி பல்லடம் போனால் எஸ்.பி. ஆளுகை. 2023 செப்டம்பரில் பல்லடம் பக்கம் கள்ளக்கிணற்றில் ஒரே குடும்பத்தில் நான்கு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2024 நவம்பரில் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் மூன்று பேரும் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகள் டவுனில் வேலை பார்க்க, வயசானவர்கள் மட்டும் தோட்டத்தில் தனியாக இருக்கிற வீடுகள் கொங்கு நாடு பூராவும் இருக்கின்றன. அன்றிலிருந்து அவர்களுக்கு ராத்திரி நாய் குரைத்தால் தூக்கம் போய்விடுகிறது. அவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகளில் முக்கியமானது: கேமரா மாட்டுங்கள்.

மானாவாரிக் காட்டில் ரெண்டு மாடு வைத்துப் பிழைக்கிற எழுபது வயசுக்காரர் கேமராவுக்கு எங்கே போவார்? போலீஸ் வரியை ஊருக்கு ஊர் தனித்தனியாகப் போட்டால், டாலர் சம்பாதிக்கிற இடத்துக்கு ரோந்து ஜீப் கூடும். தோட்டத்து வீட்டுக்கு அறிவுரை கூடும்.

நம்மூரிலேயே இதற்குப் பழைய கதை உண்டு. 1865-ல் வெள்ளைக்காரன் சென்னை ராஜதானியில் ஒரு பட்டண அபிவிருத்திச் சட்டம் கொண்டு வந்தான். பெயர்தான் அபிவிருத்தி. போலீஸ் செலவில் பெரும்பங்கை நகராட்சி தலையில் கட்டியதுதான் அதில் முக்கியமான சங்கதி. கமிஷனர்களை நியமித்தது அரசு. போலீஸை நடத்தியதும் அரசு. பணம் மட்டும் ஊர்க்காரன் பணம். பின்னால் அந்தச் சுமையை நகராட்சிகளின் தலையிலிருந்து இறக்கி வைத்தார்கள். ஆக, பணம் உள்ளூரில் வசூலானால் அதிகாரமும் தானாக உள்ளூருக்கு வந்துவிடும் என்று நினைத்தால் அது கனவு. 1932 ஜனவரியில் திருப்பூர் குமரன் மண்டையில் விழுந்த தடியும் ஜனங்களின் வரிப்பணத்தில் வாங்கியதுதான்.

இன்றைக்கும் சொத்து வரி ரசீதில் ஒரு பாடம் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள், ‘நூலக வரி’ என்று ஒரு பங்கு இருக்கும். 1948-ம் வருஷத்து நூலகச் சட்டப்படி வசூலாவது அது. இப்போது சொத்து வரியில் பத்து சதவீதம். மாநகராட்சி வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தின் போலீஸ் வரி போலவே, ஒருவர் வசூலிக்க இன்னொருவர் செலவழிக்கிற ஏற்பாடு. என்ன ஆனது? சென்னை மாநகராட்சியே அந்தப் பணத்தைக் கோடிக்கணக்கில் பாக்கி வைத்துச் செய்தியில் அடிபட்டது. உங்கள் வார்டு நூலகத்தில் என்ன புத்தகம் வாங்கலாம் என்று இத்தனை வருஷத்தில் யாராவது உங்களைக் கேட்டதுண்டா? புத்தகத்துக்கே இந்தக் கதி!

அதுவுமில்லாமல், வரி என்ற வார்த்தையைக் கேட்டாலே இங்கே ஜனங்களுக்குக் கொதிக்கிறது. 2022-ல் சொத்து வரியை ஏற்றினார்கள். திருப்பூர் மாதிரி ஊர்களில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 அடிக்கு மேல் போனால் 100 சதவீதம், கடைகளுக்கும் 100 சதவீதம், தொழிற்சாலைக்கு 75. பிறகும் வருஷா வருஷம் ஏறுகிற மாதிரி வழி செய்தார்கள். 2024 டிசம்பரில் இதை எதிர்த்துத் திருப்பூர் வியாபாரிகள் கடையடைப்பே நடத்தினார்கள். இந்த நிலைமையில் போய், ‘போலீஸுக்கும் ஒரு பங்கு சேர்த்துக்கலாமுங்களா?’ என்று கேட்டுப் பாருங்கள்!

சரி, வரி வேண்டாம். கருத்துக் கேட்பாவது நடத்தலாமே? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. யாரிடம் கேட்பீர்கள்?

சொத்து வரி ரசீதில் பெயர் இருப்பவரிடமா? அப்படியானால் லைன் வீட்டில் ஒரே ரூமில் ஐந்து பேராகத் தங்கியிருக்கும் ஒடிசா பையன் கணக்கில் வரமாட்டான். வரியை அவன் கட்டவில்லையா? வீட்டு ஓனர் வாடகையோடு சேர்த்து வாங்கிவிடுகிறாரே! தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வந்து பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கிற அக்காவின் ஓட்டு இன்னும் சொந்த ஊரிலேயே இருக்கும். ரசீதும் இல்லை, ஓட்டும் இல்லை. ஆனால் சனிக்கிழமை ராத்திரி சம்பளப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு இருட்டுச் சந்தில் நடந்து போகிறவர்கள் அவர்கள்தான். நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பெண்ணைவிட இந்த ஊரின் காவலைப் பற்றிச் சொல்லத் தகுதியானவர் யார்?

2023 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. தொழிலாளர்கள் பயந்துபோய் ஊருக்குக் கிளம்பினார்கள். பனியன் கம்பெனிகள் கதிகலங்கின. போலீஸ் உதவி எண்களை அறிவித்தது, இந்தி தெரிந்தவர்களை வைத்துப் பேசவைத்தது, தொழிலாளர்கள் தங்குமிடங்களுக்கே போய் தைரியம் சொன்னது. பீகார் அரசின் குழுவே திருப்பூருக்கு வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த நாட்களில் நடந்ததற்குப் பெயர்தான் கருத்துக் கேட்பு. ‘உங்களுக்கு என்ன பயம்?’ என்று போலீஸ் போய்க் கேட்டது. வதந்தி வந்தால்தான் கேட்பார்களா? சாதாரண சனிக்கிழமையில் கேட்கக் கூடாதா?

ஜனங்களும் போலீஸும் சேர்வதற்கு ஏற்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. 1993-ல் ராமநாதபுரத்தில் ஆரம்பித்த ‘ஃப்ரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ ஊர் ஊராகப் பரவியது. 2020-ல் சாத்தான்குளம் சம்பவத்துக்குப் பிறகு அதற்கு அரசு தடை போட்டது. போலீஸுக்கு உதவி செய்ய ஆள் பிடித்தோம். போலீஸைக் கேள்வி கேட்க யாரையும் பிடிக்கவில்லை. 2013-ம் வருஷத்துக் காவல்துறைச் சீர்திருத்தச் சட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு புகார் ஆணையம் வைத்தார்கள். தலைவர் கலெக்டர். உறுப்பினர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே மாவட்டத்து எஸ்.பி.! மாமியார் மேல் உள்ள புகாரை மாமியாரிடமே சொல்லுகிற ஏற்பாடு.

இவ்வளவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் விடை ஒன்றுதான். புதுசாக ஒரு பைசாகூட வரி வேண்டியதில்லை. கொடுத்துக்கொண்டிருக்கிற பணத்துக்குக் கணக்கு வேண்டும். மூன்று காரியங்கள் போதும்.

ஒன்று. உபயம் வாங்குவதை ஸ்டேஷன்கள் நிறுத்த வேண்டும். யாராவது கொடுத்தே தீருவேன் என்றால் மாநகராட்சி கஜானாவில் கட்டட்டும். கொடுத்தவர், தொகை, வாங்கிய பொருள், மாட்டிய இடம் எல்லாம் ஒரு பதிவேட்டில் ஏறட்டும். அதை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கட்டும். கேமராவை எங்கே மாட்டுவது என்பதைக் கொடுத்தவர் சொல்லக் கூடாது. குற்றம் நடக்கிற இடம் சொல்லட்டும். நாளைக்கு அந்த உபயதாரர் கம்பெனி மேல் ஒரு தொழிலாளி புகார் கொடுக்க வந்தால், ஸ்டேஷன் வாசலில் அந்தக் கம்பெனி பெயர் பலகையைப் பார்த்துவிட்டுத்தானே உள்ளே நுழைய வேண்டும்? இன்ஸ்பெக்டர் யோக்கியராகவே இருக்கட்டும். புகார் கொடுக்க வந்தவனுக்கு நம்பிக்கை வருமா?

இரண்டு. ஒவ்வொரு ஸ்டேஷனும் வருஷத்துக்கு ஒரு பக்கம் எழுதி ஒட்டட்டும். அனுமதிக்கப்பட்ட ஆள் எத்தனை, இருப்பவர் எத்தனை, அதில் விழா பந்தோபஸ்துக்கும் வி.ஐ.பி. டியூட்டிக்கும் போன நாள் எத்தனை, வந்த புகார் எத்தனை, வழக்காக ஏறியது எத்தனை, ஓடுகிற கேமரா எத்தனை, ரிப்பேரில் கிடப்பது எத்தனை. பனியன் கம்பெனியில் ஒரு லைன் சூப்பர்வைசர் தினமும் சாயங்காலம் எழுதுகிற ரிப்போர்ட் அளவுக்குத்தான் வரும்.

மூன்று. அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் ஜனங்கள் முன்னால் வரட்டும். அதற்குப் புது மேடை வேண்டாம். 2022 நவம்பர் 1-ம் தேதி நகரங்களில் முதல்முறையாக ஏரியா சபை கூட்டினார்களே, அதே சபை போதும். சாக்கடை, குப்பை, தெருவிளக்கு பேசுகிற இடம் அது. தெருவிளக்கு எரியவில்லை என்பதும் அந்தச் சந்தில் செயின் பறிப்பு நடக்கிறது என்பதும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம்தான். விளக்கு மாநகராட்சி, திருடன் போலீஸ் என்று பிரித்து வைத்தது நாம். ஆனால் சபையில் வாக்காளர் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். அந்த ஏரியாவில் வாடகைக்கு இருப்பவர் எல்லோரையும் உள்ளே விடுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். இந்தி, ஒடியா தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தோட்டத்து வீடுகள் உள்ள ஊர்களில் இதையே கிராம சபையில் செய்யலாம்.

‘உள்ளூர்க்காரர்கள் தலையிட்டால் கட்சிக்காரர்கள் போலீஸைக் கைக்குள் போட்டுக்கொள்வார்கள்’ என்று சொல்வார்கள். நியாயமான பயம்தான். அதனால்தான் யாரைப் பிடிக்க வேண்டும், யாரை விட வேண்டும் என்று சபை சொல்லக் கூடாது. அது சட்டத்தின் வேலை. எங்கே ரோந்து போதவில்லை, எந்தச் சந்தில் பயமாக இருக்கிறது, போன தடவை சொன்னதைச் செய்தீர்களா, இவ்வளவுதான் சபையின் கேள்வி. நாலு பேர் முன்னால் கேட்கிற கேள்வி அது. பூட்டிய அறையில் கவுன்சிலர் போனில் பேசுகிற சிபாரிசைவிட எவ்வளவோ சுத்தம்.

உங்கள் ஏரியா சபை அடுத்து எப்போது கூடுகிறது என்று வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். தேதி தெரிந்ததும் பக்கத்து லைன் வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். போகும்போது ஒரே ஒரு கேள்வியை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்: ‘நம்ம ஸ்டேஷன்ல இருக்க வேண்டியவங்க எத்தனை பேருங்க, இருக்கறவங்க எத்தனை பேருங்க?’ பதில் தெரியாது என்று சொன்னால், தெரியாது என்பதையே மினிட்ஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.